கவின் இன்னும் ரெண்டு வார்த்தை சேக்கல

நவம்பர் 3, திங்கள்

காலையிலயே பனி. எதிர் லைன் வீட்டுக் கூரை கூட தெரியல. கடைக்கு லீவு சொல்லிட்டு கவினைத் தூக்கிக்கிட்டு தானா ராத்தா டவுன் கிளினிக்குக்குப் போனேன். ரெண்டு வயசு செக்கப். எடை சரி, உயரம் சரி, ஊசி இல்ல. ஊசி இல்லன்னதும் அவனை விட எனக்குத்தான் சந்தோசம்.

அப்பறம் நர்ஸ் மிஸ்ஸி அவன் பேச்சப் பத்தி ஆரம்பிச்சாங்க. மலாய்ல. எத்தன வார்த்தை சொல்றான்? விரல விட்டு எண்ணினேன். கார், நோ, ஷூ, பை-பை, நெக்ஸ்ட்.

நெக்ஸ்டா? மிஸ்ஸி சிரிச்சிட்டாங்க. ஆமா மிஸ்ஸி, ஒரு வாய் சோறு முழுங்கினதும் நெக்ஸ்ட்டும்பான். நான் எஸ்டேட் டீக்கடை கவுண்டர்ல நிக்கிறேன்ல, என்கிட்டேர்ந்து புடிச்சிக்கிட்டான்.

ரெண்டு வார்த்தை சேத்து சொல்றானா? 'நாக் சூசு' மாதிரி, பால் வேணும்னு? இல்ல. பை-பை? அது ஒரே வார்த்தைதானாம், கணக்குல வராதாம்.

கூப்பிட்டா திரும்புறானா? திரும்புவான், சில நேரம் திரும்ப மாட்டான்னேன். அந்த 'சில நேர'த்த சொல்லியிருக்கவே கூடாது. ஒடனே பேனாவ எடுத்துட்டாங்க. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரில காது டெஸ்ட், 24-ம் தேதி. டிசம்பர் மொத வாரம் திரும்ப கிளினிக். அது வரைக்கும் அவன் சொல்ற வார்த்தைய எல்லாம் எழுதி வைங்கன்னாங்க. அதான் பீரோவுக்கு அடியில கெடந்த டைரிய தூசி தட்டி எடுத்தேன்.

பஸ்ஸுல வரும்போது க. சன்னல் கண்ணாடிய நக்கிக்கிட்டே வந்தான். காதுன்னு அவங்க சொன்னதிலேர்ந்து அவன் காதையே பாத்துக்கிட்டிருந்தேன். அழகான காது. எங்கப்பா காது.

இவரு சாயங்காலம் எஸ்டேட் தேயிலை லோரிய விட்டுட்டு வந்ததும் சொன்னேன். "காது கேக்கலன்னா சொன்னாங்க?" "டெஸ்ட்டுன்னுதான் சொன்னாங்க." சோத்துல வெச்ச கைய எடுத்துட்டாரு.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்ல. காத்து மட்டும். மொளகா காய வெச்சேன், காயல.

வார்த்தைக் கணக்கு. (கவின் கவின்னு எழுதினா கை வலிக்குது. நேத்தே க. ஆயிட்டான்.)

கார் - லோரி, வேன், மோட்டார், பக்கத்து வீட்டுத் தள்ளுவண்டி, எல்லாமே.
நோ - சோறு, குளியல், சட்டை, தூக்கம்.
ஷூ - செருப்புக்கும் அதான்.
பை-பை - போறவங்களுக்கும், வர்றவங்களுக்கும்.
நெக்ஸ்ட்.

அவ்வளவுதான். மத்ததெல்லாம் கை. பால்னா மூடின கை வாய்கிட்ட போகும். தொறக்கணும்னா ரெண்டு உள்ளங்கைய சேத்து வெச்சு விரிப்பான். தூக்கம்னா கன்னத்துல கை. எங்க கத்துக்கிட்டானோ, நாங்க யாரும் சொல்லிக் குடுக்கல. சமத்துப் புள்ளன்னு இத்தன நாளா பெருமையா நெனச்சிக்கிட்டு இருந்தேன். நேத்திலேர்ந்து அந்தக் கையப் பாத்தாலே பயமா இருக்கு. காது கேக்காத புள்ளைங்க அப்படித்தான செய்யும்.

வீட்டுச் சட்டத்தையும் எழுதிடறேன். க. மொத பொறந்த நாளுக்கு கோலாலம்பூர்லேர்ந்து அண்ணி வந்தப்ப போட்டது. அண்ணின்னா இவரோட அக்கா. அவங்க மக ஆறு வயசுல இங்கிலீஷ்ல பொளந்து கட்டுறா. "வீட்டுல தமிழ் பேசாதீங்க, புள்ள கொழம்பிடும். மொதல்லேர்ந்தே இங்கிலீஷ் மட்டும்." இவருக்கு அது சாமி வாக்கு மாதிரி ஆயிடுச்சு. எனக்கும் நல்லதாத்தான் பட்டுச்சு. அன்னியிலேர்ந்து க. முன்னால தமிழ் கெடையாது.

எங்க ரெண்டு பேருக்கும் என்ன இங்கிலீஷ் தெரியும்? எனக்குக் கடை இங்கிலீஷ். சிட் டவுன் ப்ளீஸ். ஹாட் ஆர் கோல்ட். நெக்ஸ்ட். டீ குடிக்க வர்ற வெள்ளக்காரங்ககிட்ட பேசுற மாதிரியே பெத்த புள்ளகிட்டயும் பேசிக்கிட்டு இருக்கேன். இவருக்கு ஈட், கம், குட் பாய். அதுக்கு மேல நாங்க பேசணும்னா பின்கதவ சாத்திட்டு கொல்லையில துணி தொவைக்கிற கல்லுகிட்ட போய் நின்னு பேசுவோம். ஊர் வம்பு, சண்டை, சமாதானம் எல்லாம் அங்கதான். க. உள்ளேர்ந்து கதவத் தட்டுவான். தட்டித் தட்டி அவனே ஓஞ்சிடுவான்.

வெங்காயம் தீந்துடுச்சு. வாங்கணும்.

நவம்பர் 6, வியாழன்

சாரல். க.-வ லெட்சுமி அக்கா வீட்ல விட்டுட்டு வேலைக்கு. அக்கா வீடு லைன்ல கடைசி. முன்ன தோட்டத்துல ஆயாக்கொட்டகை இருந்துச்சு, வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள அங்க விட்டுட்டுப் போவாங்க. இப்ப அது ஒர மூட்டை வெக்கிற ஸ்டோரு. அக்காதான் க.-வையும் பக்கத்து லைன் யாழினியையும் பாத்துக்குறாங்க. பத்து மாசக் கொழந்தைலேர்ந்து க. அங்கதான்.

கடையில ஆளுக்கொரு வைத்தியம்.
"வசம்ப உரசி நாக்குல தடவு."
"மாரியம்மனுக்கு வேண்டிக்க."
"ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், விடு லா."
"எங்க மாமா புள்ள அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தான். இப்ப மூட மாட்டேங்குறான்."

பதினோரு மணி வாக்குல ஒரு வெள்ளக்காரக் குடும்பம். க. வயசுதான் இருக்கும், ஒரு பொண்ணு. தட்டக் காட்டி "மோர் கேக் மம்மி"ங்குது. மூணு வார்த்தை! அந்தம்மா காதுலயே வாங்கல, போன நோண்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. அதையே பாத்துக்கிட்டு நின்னேன். சில்லறைய தப்பா குடுத்துட்டேன்.

வீட்டுக்கு வந்து க. பின்னால நின்னு சட்டி மூடியத் தட்டினேன். திரும்பினான். இன்னொரு தரம். திரும்பி மொறச்சான். மூணாந் தரம் திரும்பல. கேக்கலயா, இல்ல போடின்னு விட்டுட்டானா? மூடி நெளிஞ்சதுதான் மிச்சம்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில்! போர்வை எல்லாம் வெளிய.

மோட்டார் சைக்கிள்ல மூணு பேரும் கியா பார்ம் காய்கறிச் சந்தைக்கு. ஸ்கூல் லீவு இல்ல, ஆனாலும் ஜாம். தக்காளி, சோளம், வெங்காயம் வாங்கினோம். இவரு ஸ்ட்ராபெரியக் காட்டி "லுக் கவின். ரெட்"ன்னாரு. அதோட இங்கிலீஷ் சரக்கு தீந்துடுச்சு. க. பழத்தப் பாத்தான், அப்பாவப் பாத்தான், அடுத்து ஏதாவது வருமான்னு வாயவே பாத்துக்கிட்டிருந்தான்.

அப்பறம் இவரோட பழைய கூட்டாளி ஒருத்தர் காய்கறி லோரியோட வந்தாரு. அவ்வளவுதான். நடு ரோட்ல ரெண்டு பேரும் சிரிக்கிற சிரிப்புல சோளக் கடைக்காரி எட்டிப் பாக்குறா. இவரு கை ஆட்டி, கண்ண உருட்டி, கியர் பாக்ஸ் கழண்ட கதைய நடிச்சே காட்டுறாரு. கொழுந்து எடை போடுற எடத்துல இவரு பேச ஆரம்பிச்சா பாக்டரி வரைக்கும் கேக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க. என் இடுப்புல இருந்த க. வாயப் பொளந்துக்கிட்டு இவரையே பாக்குறான். யாரு இந்த ஆளுன்னு கேக்குற மாதிரி.

சாயங்காலம் கல்லுகிட்ட நின்னு கேட்டேன். "சட்டத்த கொஞ்சம் தளத்தலாமாங்க?"

கல்லுல கெடந்த சோப்பு நொரைய வழிச்சு விட்டாரு. அப்பறம், "ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி வேலைக்கு இன்டர்வியூ போனேன்ல. தொர கேட்டதுக்கெல்லாம் எனக்குப் பதில் தெரியும் தேவி. எல்லாமே தெரியும். இங்கிலீஷ்ல வாயில வரல. தரையப் பாத்துக்கிட்டு நின்னேன். எம் புள்ள அப்படி நிக்கக் கூடாது."

துணிய அலசினேன்.

நவம்பர் 12, புதன்

ராத்திரி முழுக்க மழை. கடைக்கு மேல ரோட்ல மண்ணு சரிஞ்சு டூரிஸ்ட் பஸ் எதுவும் வரல. பத்து மணிக்கே போகச் சொல்லிட்டாங்க. நல்லதாப் போச்சுன்னு நேரா அக்கா வீட்டுக்கு.

சன்னல் தொறந்திருந்துச்சு. அக்கா குரல் வெளிய வரைக்கும். அக்கா வாய் லைன் பூரா தெரிஞ்சதுதான. யாழினிக்கு தல சீவிக்கிட்டே, "எங்கடி என் ராசாத்தி ரிப்பனு? பூனை தூக்கிட்டுப் போச்சா? வரட்டும் அந்தப் பூனை, வால நறுக்கிடுவோம்"னு ஒரே பாட்டு. யாழினி, "பூனை போச்சி, பூனை போச்சி"ங்குது. அதுக்கு க.-வ விட ஒரு மாசம் சின்ன வயசு.

க. ஓரமா டிவி முன்னால. இங்கிலீஷ் பொம்மப் படம். அக்கா அவன் பக்கம் திரும்பினாங்க. வாயே தொறக்கல. புருவத்தத் தூக்கி, மூடின கைய வாய்கிட்ட கொண்டு போயி, தலைய ஆட்டினாங்க. பால் வேணுமான்னு. க. தலைய ஆட்டினான். அக்கா போய் பால் எடுத்து வந்து, ரெண்டு உள்ளங்கைய சேத்து விரிச்சுக் காட்டி, மூடியத் தொறந்து குடுத்தாங்க. எல்லாம் ஊமைப் படம் மாதிரி.

செருப்போட உள்ள போயிட்டேன்.

"என்னக்கா இது? ஏன் அவன்கிட்ட பேச மாட்டேங்குறீங்க?"

"நீதானம்மா சொன்ன."

"நான் என்ன சொன்னேன்?"

"மொத பொறந்த நாள் முடிஞ்சு விட வந்தப்ப. 'அக்கா, தமிழ் பேசிடாதீங்க, இங்கிலீஷ் மட்டுந்தான்'னு கைய புடிச்சு சொன்ன. எனக்குத் தெரிஞ்சது தேங்க்யூ ஒண்ணுதான். அத ஒரு நாளைக்கு எத்தன தடவ சொல்றது?"

நான் போய் டிவிய அணைச்சேன்.

"புள்ள மொகத்தப் பாத்துக்கிட்டு பேசாம இருக்குறது லேசா? எத்தன தடவ நாக்கு நுனி வரைக்கும் வந்துருக்கு. பல்லக் கடிச்சிக்கிட்டு முழுங்கிருவேன். நம்பி விட்டுட்டுப் போற புள்ள, நீ சொன்ன சொல்ல நான் மீறலாமா?" அக்கா கண்ணு கலங்கிடுச்சு.

அவங்க மேலதான் மொதல்ல கோவம் வந்துச்சு. வாசல்படியில உக்காந்தேன், கோவம் என் மேலயே திரும்பிடுச்சு. அக்காவ என்ன சொல்ல முடியும். நான் கேட்டத அப்படியே செஞ்சிருக்காங்க. பகல்ல டிவி, ராத்திரில குட் பாய். ஒரு வருசமா எம் புள்ளகிட்ட யாருமே பேசல.

"இனிமே பேசுங்கக்கா. என்ன வேணா பேசுங்க. திட்டுங்க கூட"ன்னேன்.

அக்கா க.-வ வாரி எடுத்தாங்க பாரு. "வாடா என் தங்கம், வாடா என் கருப்பட்டி, எத்தன நாளா அடக்கி வெச்சிருக்கேன் தெரியுமாடா ஒனக்கு"ன்னு ஆரம்பிச்சு நிறுத்தவே இல்ல. க. அவங்க வாயில விரல விட்டுப் பாக்குறான்.

நவம்பர் 13, வியாழன்

மூட்டம். தலவலி.

நேத்து ராத்திரி கல்லுகிட்ட சண்டை. அக்கா வீட்ல பாத்தத சொன்னேன். இவரு ஆடிப் போயிட்டாரு. ஆனா, "அக்கா பேசட்டும். நீயும் உன் இஷ்டம் போல பேசு. நான் மாத்த மாட்டேன். ஒருத்தராவது இங்கிலீஷ் பேசணும்"ங்கிறாரு. "பேசுங்க! யாரு வேணாங்குறா? நீங்க பேசவே மாட்டேங்குறீங்களே, அதான சொல்றேன்!" பக்கத்து வீட்டு லைட்டு எரிஞ்சிச்சு. உள்ள வந்துட்டோம்.

காலையில ஒண்ணு நடந்துச்சு. அவசரத்துல வீட்டுக்குள்ளயே இவருகிட்ட தமிழ்ல, "மழை வரும், அந்தக் கொடைய எடுங்க"ன்னுட்டேன். இவரு அசையல. க. எந்திரிச்சான். கதவுக்குப் பின்னாலேர்ந்து கொடைய தரதரன்னு இழுத்துக்கிட்டு வந்து என் கால்ல போட்டான்.

நாங்க ரெண்டு பேரும் அப்படியே நின்னோம். கொடைன்னு அவன்கிட்ட யாரும் சொல்லிக் குடுக்கல. பின்கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு எல்லாத்தையும் கேட்டிருக்கான் பய.

காது கேக்குது. டெஸ்ட் எழுதிக் குடுக்கட்டும், எனக்கு இப்பவே தெரியும். பஸ்ஸுல சிரிச்சிக்கிட்டே போனேன், கண்டக்டர் இருந்திருந்தா பைத்தியம்னு எறக்கி விட்டிருப்பாரு.

நவம்பர் 18, செவ்வாய்

மழை, வெயில், மழை.

பேசணும்னு முடிவு பண்ணிட்டு உக்காந்தா என்ன பேசுறதுன்னே தெரியல. கூச்சமா இருக்கு, சொந்தப் புள்ளகிட்ட. மொத நாள் வெங்காயம் உரிக்கிறதையே சொல்லிக்கிட்டிருந்தேன். இது வெங்காயம், இது தோலு, அம்மா கண்ணுல தண்ணி வருது பாரு. க. தண்ணியத் தொட்டுப் பாத்தான். இப்ப பழகிடுச்சு. வாய் ஓய மாட்டேங்குது.

புது வார்த்தைங்க:
பூனை - நாய், ஆடு, கோழி, டிவில வந்த யானை, மீசை வெச்ச மேனேஜரு.
மய்ய - மழை. இங்க இருக்குற புள்ளைக்கு இது எப்பவோ வந்திருக்கணும்.
லோயி - லோரி. 'கார்' இப்ப கார் மட்டுந்தான்!
சூசு - பால். அக்கா வீட்ல எல்லாரும் சூசுன்னுதான் சொல்லுவாங்க.
தன்னி, அம்மா, அக்கா, யாய் (யாழினி).
முக்கு - முறுக்கு. தீபாவளி டின் காலியாகப் போகுது.
அப்பா - அக்கா சொல்லிக் குடுத்தது. லோரி சத்தம் கேட்டா "அப்பா"ங்கிறான். ஆள் உள்ள வந்ததும் சொல்ல மாட்டேங்குறான்.
இல்ல. வேணா. (நோ போயிடுச்சு.)

ஆனா எல்லாம் ஒத்த வார்த்தை. ஒட்ட மாட்டேங்குது.

அண்ணி போன் பண்ணாங்க. "ஐயோ தேவி, இப்பப் போய் மாத்தினா இன்னும் கொழம்பிடுவான்." கொழம்பட்டும் அண்ணி, கொழம்பவாவது ஏதாவது வேணும்லன்னேன். நல்ல வேளை அவங்களுக்கு வேற போன் வந்துடுச்சு.

நவம்பர் 21, வெள்ளி

குளிரு. க.-க்கு மூக்கு ஒழுகுது.

சாயங்காலம் அக்கா வீட்டு வாசல்ல, க. "சூசு"ன்னான். நின்னான். மூக்க உறிஞ்சினான். "அக்கா"ன்னான்.

இது சேத்து சொன்னதா? நடுவுல மூச்சு விட்டுட்டானே. அக்கா, "சேத்துதான், சேத்துதான், நான் சாட்சி"ங்குறாங்க. மிஸ்ஸி ஒத்துக்க மாட்டாங்க. எனக்கே மனசு ஒத்துக்கல.

இவருகிட்ட சொன்னேன். "அப்படியா"ன்னாரு. க. பக்கம் திரும்பி "குட் பாய்"ன்னாரு. க. என்னைப் பாத்தான். வர வர இவரு பக்கத்துல அவன் போறதே இல்ல. ஏதாவது வேணும்னா என்கிட்ட இல்லன்னா அக்காகிட்ட. இவரு கவனிக்காத மாதிரி டிவி பாக்குறாரு. கவனிக்கிறாரு, எனக்குத் தெரியும்.

நவம்பர் 24, திங்கள்

ஈப்போ. என் தம்பியோட கார எரவல் வாங்கிக்கிட்டு விடியக்காலை அஞ்சரைக்கு கெளம்பினோம். மலையிலேர்ந்து எறங்குற சிம்பாங் பூலாய் ரோட்ல ஒவ்வொரு வளைவுக்கும் க. வாந்தி. மாத்துச் சட்டை ரெண்டும் தீந்து என் துண்ட சுத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குள்ள போனான், ராஜா மாதிரி.

காது டெஸ்ட்: சின்ன ரூம், செவுரெல்லாம் பஞ்சு. க. என் மடியில. ஒரு பக்கம் சத்தம் வரும், திரும்பினா பெட்டிக்குள்ள கொரங்கு பொம்மை லைட்டு போட்டு ஆடும். மெல்ல மெல்ல சத்தத்தக் கொறச்சாங்க. எனக்கே கேக்காத சத்தத்துக்கெல்லாம் திரும்புறான். "பூனை"ங்குறான் கொரங்கப் பாத்து.

காது நல்லா இருக்கு. எழுதியே குடுத்துட்டாங்க. தெரியும் தெரியும்னு சொல்லிக்கிட்டிருந்தவ, அந்தக் கடுதாசிய மூணு தரம் படிச்சேன்.

அடுத்த ரூம்ல பேச்சு பாக்குற டாக்டரம்மா. சீனப் பொண்ணு, சின்ன வயசு. மலாய்லதான் பேச்சு. எல்லாத்தையும் கொட்டினேன், கல்லுகிட்ட நின்னு பேசுறது, அக்கா கை ஜாடை, எல்லாம். சிரிக்கல, திட்டல. "உங்களுக்கு யோசிக்காம வர்ற பாஷை எது?" தமிழ். "அப்ப அதுதான். நிறையப் பேசுங்க. அவன் ஒரு வார்த்தை சொன்னா நீங்க ஒண்ணு சேத்து திருப்பிச் சொல்லுங்க. லோரின்னா, பெரிய லோரி. லோரி போகுது. ரெண்டு மூணு பாஷை வந்தா புள்ள கெட்டுப் போகாது. பேச்சே இல்லன்னாதான் கஷ்டம்."

இவரு கேட்டாரு. "நான் மட்டும் இங்கிலீஷ் பேசினா?"

"பேசலாமே. உங்க லோரியப் பத்தி அவன்கிட்ட ஒரு கதை சொல்லுங்க பாப்போம், இங்கிலீஷ்ல."

இவரு வாயத் தொறந்தாரு. மூடினாரு. தரையப் பாத்தாரு. எனக்குப் பொறுக்கல, க.-வுக்கு மூக்கு தொடைக்கிற சாக்குல திரும்பிக்கிட்டேன்.

வர்ற வழியில கம்போங் ராஜா டவுனத் தாண்டினோம். க. தூங்கிட்டான். அப்பறம், "என் பேச்சக் கேட்டு வளந்தா என்ன மாதிரிதான ஆவான்"ன்னாரு.

"உங்களுக்கென்ன கொறச்சல்?"ன்னேன்.

முன் கண்ணாடியத் தொடச்சிக்கிட்டே ஓட்டினாரு.

நவம்பர் 26, புதன்

மூட்டம். வீடு பூரா டாக்டரம்மா சொன்னதுதான். க. "முக்கு"ன்னா நான் "இன்னொரு முறுக்கு". "மய்ய"ன்னா "மழை பெய்யுது". யாருகிட்ட பேசினாலும் ஒண்ணு சேத்து சொல்ற வியாதி வந்துடுச்சு. கடையில ஒருத்தர் டீன்னாரு, பெரிய டீன்னுட்டேன். பெரிய டீ போட்டுக் குடுத்தாங்க, அவரு சண்டைக்கு வந்துட்டாரு.

லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டத்துலேர்ந்து தம்பி கோஸ் கொண்டு வந்தான். ஆறு. யாரு திங்கிறது.

இன்னும் ஒட்டல. அடுத்த வாரம் மிஸ்ஸி.

நவம்பர் 29, சனி

மத்தியானத்திலேர்ந்து கொட்டுது. கடையில கூட்டம், காலு வீங்கிடுச்சு. க.-வ தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்து வெளக்கு வெச்சு, கோஸ் நறுக்கினேன். ஆறு மணிக்கு வர வேண்டியவரு வரல. போன் போகல.

ஏழு மணிக்கு மேல லோரி சத்தம் இல்லாம ஆள் மட்டும் வந்தாரு. தலையிலேர்ந்து கால் வரைக்கும் சேறு. மீசையில சேறு. லோரி பதினாலாம் நம்பர் தேயிலை மலையில மாட்டிக்கிச்சாம். வாசல்லயே நின்னு சட்டையப் பிழிஞ்சாரு. க. எட்டிப் பாத்தான்.

இவரு குனிஞ்சு ரெண்டு கையும் நீட்டினாரு. "கம், கவின். கம் டு டாடி."

க. என் கால கட்டிப் புடிச்சிக்கிட்டான். பாவாடைக்குள்ள மொகத்த வெச்சுக்கிட்டே சொன்னான்.

"அப்பா வேணா."

மூச்சு விடல நடுவுல. ரெண்டும் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. சுத்தமா, தெளிவா.

எனக்கு அவனத் தூக்கி குதிக்கணும் போல இருந்துச்சு. இவரு மொகத்தப் பாத்தேன். குதிக்க முடியல. நீட்டின கைய எப்படி மடக்குறதுன்னு தெரியாம நிக்கிறாரு மனுசன்.

"ரெண்டு வார்த்தை தேவி"ன்னாரு மெல்ல. "சேத்து சொல்லிட்டான்."

"ஆமாங்க."

"ரெண்டு வார்த்தை." சிரிக்கப் பாத்தாரு. உதடு கோணிக்கிச்சு. அப்படியே ஈரத்தோட தரையில உக்காந்துட்டாரு, க. ஒயரத்துக்கு.

"ஏன்டா வேணா? அப்பா என்னடா பண்ணேன் ஒனக்கு?"

க. மொகத்த வெளிய எடுத்தான். இந்தக் கொரல் அவனுக்குப் புதுசு. கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட கொரல், இப்ப மூஞ்சிக்கு நேரா.

"கோவமா? எனக்குந்தான் கோவம். காலையிலேர்ந்து என்ன பாடு தெரியுமாடா அப்பா? பதினாலாம் நம்பர்ல ஏறுறேன், ஏறுறேன், பின் சக்கரம் என்ன பண்ணுச்சு தெரியுமா? விர்ருன்னு சுத்துது, வண்டி ஒரு அடி நவுரல. பங்களாதேஷ்காரப் பசங்க எட்டு பேரு எறங்கித் தள்ளுறானுங்க. ஒருத்தன் நேரா சக்கரத்துக்குப் பின்னால போயி நின்னுட்டான். டேய் டேய்ங்குறேன், கேட்டாத்தான? சேறு அடிச்சது பாரு, அவன் மூஞ்சியே காணோம்! ரெண்டு கண்ணு மட்டும் முழிக்குது, இப்படி!"

முழிச்சுக் காட்டினாரு. க. சிரிச்சிட்டான். என் கால விட்டான்.

நான் அடுப்ப அணைச்சேன்.

பலகை போட்டது, பலகை ஒடஞ்சது, கயிறு கட்டினது, கங்காணி வழுக்கி விழுந்து கொழுந்துக் கூடைக்குள்ள உக்காந்தது. சக்கரத்துக்குக் கை, கயித்துக்குக் கை, கங்காணிக்கு மொத்த ஒடம்பும். க. ஒரு அடி வந்தான். அப்பறம் இன்னொண்ணு. இவரு தலையத் தொட்டு, "தன்னி"ன்னான்.

"ஆமாடா, தண்ணி. மழத் தண்ணி. அப்பா தலையெல்லாம் மழத் தண்ணி."

மடியில ஏறிட்டான். புதுச் சட்டை, சேறாயிடுச்சு, போகட்டும். சோறு பெசஞ்சு கொண்டு வந்து குடுத்தேன். இவரு பேசிக்கிட்டே ஊட்டுறாரு, அவன் வாயப் பாத்துக்கிட்டே முழுங்குறான், ஒரு 'வேணா' கூட இல்ல. டிராக்டர் வந்தாச்சு. சங்கிலி மாட்டியாச்சு. க. கண்ணு சொருகுது. தல சாஞ்சிடுச்சு.

"என்னங்க, அவன் தூங்கிட்டான். நீங்க எந்திரிச்சு குளிங்க."

"இரு தேவி, லோரி இன்னும் மேல ஏறல"ங்குறாரு.